போர்வை இல்லாத பாத்தி

காலைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரிய மருமகளின் கை, கொழுந்தன் சொன்னதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டது. கோப்பை நிறைந்து, தட்டில் வழிந்து, மேசைவிரிப்பில் பழுப்பு வட்டமாகப் பரவியது.

"அந்தக் கடைசிப் பாத்திய ஞாயித்துக்கிழமை தோண்டிடறேம்மா. எல்லாம் செத்த கட்டை. அங்க புதுக் கொட்டகை போட்டா நாத்து வைக்க இடமாச்சு."

மாமியார் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமல் தலையசைத்தாள். அந்த நர்சரி அவளுடையது. கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று வளர்த்தது. அவள் தலையசைத்தால் அது முடிவான மாதிரிதான்.

"அத்தை..." என்றாள் பெரியவள். "மண்ணு இன்னும் சூடாகல. கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமே..."

"வெளிய போய்ப் பாரு. ரோஜா துளிர்த்தாச்சு, மல்லி துளிர்த்தாச்சு, வேலியோரம் முள்ளுகூட துளிர்த்தாச்சு. உன் பாத்தி மட்டும் மொட்டையா கிடக்கு. பூவுக்குப் பிரசவம் பாக்கறவ, பெத்ததுக்குப் போர்த்தி விடணும்னு தெரிய வேணாமா?"

அடுப்படி வாசலில் நின்ற சின்ன மருமகளின் முகம் வெளுத்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவள் அவளைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

அந்தப் பாத்தியில் என்ன இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் பெரியவள் எதை இழக்கப் போகிறாள் என்பது புரியாது.

வீட்டின் பின்னால், சாக்கடையோரம், ஒரு வெள்ளைச் செம்பருத்தி தானாக வளர்ந்து நின்றது. குளிர்காலத்தில் தரையோடு தரையாகக் காய்ந்து போகும். கோடை நெருங்கும்போது வேரிலிருந்து எழுந்து வரும். பூ பெரிது, ஆனால் சோகையான நிறம். கண்ணாடிக் கூடத்துக்குள் இன்னொன்று இருந்தது. ஆள் உயரம், ரத்தச் சிவப்புப் பூ, ஆனால் இதழ்கள் ஒல்லி. ஒரு குளிர்காற்று பட்டால் போதும், செத்துவிடும். வெள்ளையின் குளிர் தாங்கும் உரத்தோடு, அகலத்தோடு, இந்தச் சிவப்பும் சேர்ந்து ஒரு செடி கிடைத்தால்? பனி விழும் ஊரிலும் வாசலில் நட்டுவிட்டு மறந்துபோகலாமே!

இந்த ஆசையோடுதான் அவள் தொடங்கினாள். எல்லாச் செம்பருத்தியும் எல்லாவற்றோடும் சேராது. தொட்டிகளில் வைக்கிற சாதாரணச் சிவப்பை முதலில் வெள்ளையோடு சேர்த்துப் பார்த்தாள், காய் பிடிக்கவே இல்லை. தூரத்து உறவு. கூடத்துச் சிவப்போ வெள்ளைக்குப் பங்காளி முறை, பிடித்துக்கொண்டது.

அவள் சேர்க்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். செம்பருத்திப் பூவுக்கு ஆயுள் ஒரே பகல். அதனால் முந்தின மாலையே, நாளை விரியப் போகிற வெள்ளை மொட்டைத் தேடிப் பிடிப்பாள். இதழ்களை விலக்கி, நடுவில் நிற்கும் தண்டைச் சுற்றியுள்ள மகரந்தப் பைகளைச் சின்னக் கத்தரியால் ஒன்று விடாமல் எடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் பூ தன் தூளையே தன்மேல் பூசிக்கொள்ளும். பிறகு வண்டு வராமல் ஒரு மெல்லிய துணிப்பை. மறுநாள் காலை சிவப்பின் மகரந்தத்தை விரல்நுனியில் எடுத்து, தண்டின் உச்சியில் ஐந்தாகப் பிரிந்து நிற்கும் முனைகளில் ஒற்றுவாள். அவ்வளவுதான். காய் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான் பாக்கி. கோடை முழுக்க அவள் விரல்கள் மஞ்சளாகவே இருக்கும், கோப்பையில், கதவுப் பிடியில், கணவனின் சட்டைக் காலரில் எல்லாம் அந்த மஞ்சள்.

முதல் பிள்ளைகள் இரண்டுங்கெட்டானாகத்தான் பிறந்தன, நிறமும் இடைநிலை, உரமும் இடைநிலை. மாமியார் சிரித்தாள். பெரியவள் அசரவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தங்களுக்குள் மறுபடி சேர்த்தாள். தாத்தாவின் மூக்கு மகனை விட்டுப் பேரனுக்கு வருவதில்லையா, அதுபோலப் பிள்ளைகளிடம் கலந்து மறைந்த குணங்கள் பேரப்பிள்ளைகளிடம்தான் தனித்தனியாகப் பிரிந்து வெளியே வரும். கடைசிப் பாத்தியில் நின்றவை அந்தப் பேரப்பிள்ளைகள். போன கோடையில் நடுவரிசையில் ஒன்று பெரிய சிவப்பாகப் பூத்தபோது அவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவே மறந்தாள். சாக்கடைப் பக்க மூலையில் நின்ற ஒன்று மட்டும் சோம்பேறி. அது மொட்டு வைத்தபோதே குளிர் வந்துவிட்டது. அதன் பூவை யாரும் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தின் முதல் உறைபனியன்றுதான் எல்லாம் நடந்தது.

மதியமே வானொலியில் எச்சரித்துவிட்டார்கள். சரிவுக்குக் கீழே இருந்த நீளக் கொட்டகை சின்னவளின் பொறுப்பு. வசந்தகால விற்பனைக்கான தொட்டிகள் முழுவதும் அங்கேதான். அதன் ஒரு பக்கப் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தது, சாயங்காலத்துக்குள் போர்த்தி முடிக்கிறேன் என்று அவள் அத்தையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஆண்கள் இருவரும் வேனில் வெளியூர் போயிருந்தார்கள், மாமியார் முழங்கால் வலியோடு உள்ளே படுத்திருந்தாள். வெயில் இறங்கும் நேரத்தில் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவளிடம் வந்து நின்றாள். பாவாடையில் ரத்தம். கருவுற்றிருப்பதை அவள் யாரிடமும், தன் கணவனிடம்கூட, இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பெரியவள் டாக்ஸி பிடித்து அவளை ஏற்றினாள், கொட்டகையை மூடிவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்றாள். திரும்பி ஓடினால், நீளக் கொட்டகை வாய் பிளந்து கிடந்தது. துணி எங்கேயும் மிச்சமில்லை. ஒரே ஒரு பெரிய போர்வைதான் இருந்தது, அவளுடைய பாத்தியின் மேல். பழைய ஜன்னல் திரைகளை ஒட்டி, வெள்ளை நூல் தீர்ந்துபோய் ஓரத்தை நீல நூலில் மாமியாரே தைத்துக் கொடுத்தது. ஒரு கணம் அதன் முனையைப் பிடித்தபடி நின்றாள். இந்தப் பக்கம் அவளுடைய உழைப்பு முழுவதும். அந்தப் பக்கம் குடும்பம் அடுத்த வருஷம் சாப்பிடப் போகிற சோறு, சின்னவளின் மானம்.

உருவி எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினாள்.

குழந்தை தங்கவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் சின்னவள் அவள் கையை விடவே இல்லை. யாருக்கும் தெரியக்கூடாது அக்கா என்று அழுதாள். தொட்டி தூக்கியதால்தான் போயிற்று என்பார்கள், அதற்கப்புறம் தன்னை எதையும் தொடவிட மாட்டார்கள் என்று பயந்தாள். பெரியவள் வாக்குக் கொடுத்தாள்.

அன்றிரவே சின்னவளைச் சத்தமில்லாமல் அவள் அறையில் படுக்கவைத்துவிட்டு, தான் ஒரு தோழியைப் பார்க்கப் போனதாக மாமியாரிடம் சொன்னாள். மறுநாள் காலை பாத்தி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. தண்டுக்குள் ஓடும் நீர் உறைந்து பெருத்தால் செடியின் திசு உள்ளுக்குள்ளேயே கிழிந்துபோகும், வெயில் ஏறியதும் வேகவைத்த கீரைபோலத் துவண்டுவிடும். போர்வை எங்கே என்று மாமியார் கேட்டாள். காற்றில் போய்விட்டது என்றாள். பனி விழுகிற நாளில் தோழி வீட்டுக்கு அரட்டையடிக்கப் போனவள் என்று அன்றைக்கு ஒட்டிய பேர் குளிர்காலம் முழுக்க அவளை விடவில்லை. பதியன் போடும் மேசை அவளிடமிருந்து போனது, தண்ணீர்க் குழாய்தான் கையில் வந்தது. நீளக் கொட்டகையைக் காப்பாற்றிய கெட்டிக்காரி என்று சின்னவளுக்குப் பாராட்டு. ஒவ்வொரு பாராட்டுக்கும் சின்னவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கொழுந்தனுக்கு வீட்டில் பேரே அவசரம்தான். மாதம் நிறையும் முன்பே பிறந்தவன், அன்றிலிருந்து எதற்கும் காத்திருந்ததில்லை. ஆனால் தொழில் தெரியாதவன் அல்ல. மண்வெட்டியைத் தொடும் முன் ஒவ்வொரு கட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தான். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு என்றால் சாவு. நர்சரிக்காரர்கள் எல்லாரும் நம்புகிற சோதனை, ரோஜாவுக்கும் எலுமிச்சைக்கும் பொய்க்காத சோதனை.

"நீங்களே பாருங்க அண்ணி. எல்லாம் பழுப்பு. நான் வேணும்னேவா பண்றேன்?"

"தண்டப் பாத்து சொல்றீங்க தம்பி. இதுங்களோட பாட்டி, அந்த வெள்ளை, வருஷா வருஷம் தண்ட விட்டுட்டு வேர்ல போய் ஒளிஞ்சுக்கும். மத்ததெல்லாம் காத்தப் பாத்து எழுந்திருக்கும். இது மண்ணப் பாத்துத்தான் எழுந்திருக்கும். மண்ணு இன்னும் சில்லுனு இருக்கு... தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. நடுவரிசையிலிருந்து தொடங்கினான். முதலில் வந்தது அவளுடைய செல்லம், போன கோடையில் அவளைச் சாப்பிட மறக்கவைத்த சிவப்பு. அவள் வேரைக் கையில் வாங்கி அழுத்தினாள். ஈர ரொட்டிபோல அமுங்கியது. அடுத்ததும் அப்படியே. அவன் சொன்னது சரிதான் என்று முதன்முறையாக அவளுக்கே தோன்றியது. கண்ணீர் வந்தபோது மண் அப்பிய மணிக்கட்டால் துடைத்துக்கொண்டாள். "தோண்டுங்க தம்பி," என்று மட்டும் சொன்னாள். மண்வெட்டி வரிசையாக மூலையை நோக்கி நகர்ந்தது.

குப்பையை அள்ள ஒரு சாக்கு வேண்டுமென்று மாமியார் கைத்தடியை ஊன்றிச் சரிவில் இறங்கினாள். முழங்கால் வலியால் குளிர்காலம் முழுக்க அவள் கால் வைக்காத இடம் நீளக் கொட்டகை. திரும்பி வந்தபோது தோளில் சாக்கு இல்லை. நீல ஓரம் போட்ட போர்வை இருந்தது.

"காத்துல போச்சுன்னியே. காத்து மடிச்சா வெச்சுட்டுப் போச்சு?"

பெரியவள் குனிந்துகொண்டாள். சின்னவள்தான் முன்னால் வந்தாள். வந்தவள் மாமியாரின் காலடியில், தோண்டிய மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொட்டகைய நான் போர்த்தல அத்தை. அக்காதான்... தன்னோடத உருவிட்டு வந்து என்னோடதுக்குப் போர்த்தினாங்க. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்தேன். எனக்கு... உண்டாகியிருந்தது. தங்கல."

மண்வெட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவசரம் மெல்ல வந்து மனைவியின் பக்கத்தில் மண்ணில் அமர்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அவசரமில்லாமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?" மாமியார் அவள் பக்கம் குனிந்தாள். "நானும் ஒண்ண அப்படித் தொலைச்சவதானே... திட்டவா செஞ்சிருப்பேன்?"

"தினம் சொல்லத்தான் வருவேன். நீங்க என்னைப் பாராட்டுவீங்க. எழுந்து போயிடுவேன்."

மாமியார் நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. பாத்தியைப் பார்த்தாள், தோண்டாமல் மிச்சமிருந்தது அந்த மூலை மட்டும். கைத்தடியைக் கொண்டுபோய் அதன் முன்னால் ஊன்றினாள்.

"இதுக்கு மேல ஒரு பிடி மண்ணு எடுக்கக்கூடாது. பெரியவ எப்ப சொல்றாளோ அப்பத்தான்."

அன்று முதல் காலைத் தேநீரை மாமியார் மேசையில் குடிக்கவில்லை. கோப்பையோடு அந்த மூலைக்குப் போய் நிற்பாள். பதியன் மேசை இழுப்பறையின் சாவி பெரியவளின் தலையணை அருகே வந்து கிடந்தது, வைத்தது யாரென்று யாரும் கேட்கவில்லை. ரோஜா பூத்து உதிர்ந்தது. காலையில் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. மூலை மொட்டையாகவே கிடந்தது. பெரியவள்கூடப் போய்ப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை, "அடியே பெரியவளே!" என்று தோட்டமே அதிரக் குரல் கேட்டது. விழுந்துவிட்டாளோ என்று எல்லாரும் ஓடினார்கள். மாமியார் முழங்கால் வலியை மறந்து மண்ணில் மண்டியிட்டிருந்தாள். கோப்பை கவிழ்ந்து கிடந்தது. மூலையில், விரல் பருமனில், செந்நிறத்தில் ஒரு முளை மண்ணைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதே வேரிலிருந்து மூன்றாவது.

பாத்தி முழுவதிலும் பிழைத்தது அது ஒன்றுதான், பூவை யாரும் பார்த்திராத அந்தச் சோம்பேறி. வெறும் வெளிறிய நிறத்தில் பூத்துவிட்டால்? பெரியவள் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் வீடே அதைச் சுமந்துகொண்டு நடந்தது. வேனோடு திரிகிற அவள் கணவன்கூட, வழியில் எங்கிருந்தாவது தொலைபேசியில் அழைத்தால், முதலில் மொட்டு வந்ததா என்றுதான் விசாரித்தான்.

கோடையின் நடுவில் ஒரு காலை அது விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்த இதழ்கள், ஒல்லியில்லை, இடைவெளியில்லை. அடர்ந்த சிவப்பு, தொண்டைக்குள் இன்னும் இருண்ட சிவப்பு. சின்னவள் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். பெரியவள் பூவைத் தொடவில்லை, இலையைத்தான் தடவினாள். பிறகு எல்லாரிடமும் சொன்னாள், வருஷா வருஷம் அன்பாகப் போர்த்திப் போர்த்தி, யாருக்கு உரம் இருக்கிறது என்று தானே பார்க்கவிடாமல் வைத்திருந்தாளாம். அன்றைக்குப் போர்வையை உருவியிருக்காவிட்டால் இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காதாம்.

விதை போட்டால் மறுபடி கலந்துபோகும் என்பதால், பச்சைத் தண்டுகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கி ஈரமணலில் நட்டாள். வேர் விட்டவை எல்லாம் தாயின் அச்சு. மேசை நிறைந்தது.

அடுத்த உறைபனிக்கான எச்சரிக்கை வந்த சாயங்காலம், எல்லாக் கொட்டகையையும் மூடிவிட்டுப் பெரியவள் பின்பக்கம் வந்தாள். கைத்தடி ஒரு கையில், நீல ஓரப் போர்வை மறு கையில் இழுபட, மாமியார் மூச்சிரைக்க மூலையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அதுக்கு வேணாம். அது தாங்கும்."

மாமியார் நின்றாள்.

"தாங்கும் தாங்கும்னு நினைச்சுத்தான்டி உன்னையும் அப்படியே விட்டுட்டேன்..."

பெரியவள் போர்வையை வாங்கி உதறி, அந்த முதிய தோள்களைச் சுற்றிப் போர்த்தினாள். மாமியார் ஒரு பாதியை விரித்து அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள், ஒருத்தியின் கண்ணீர் மற்றவளின் தலைமுடியில்.

எதிரே மூலையில், கடைசிப் பூவைத் தூக்கிப் பிடித்தபடி, செடி வெறும் மேனியாக நின்றது. புல்லின் நுனியில் பனி வெளுக்கத் தொடங்கியது.