வலப்பக்கம் ஒரு ஜோடி

அகாஃபியாவின் கண்ணில் படுவதற்கு முன்பே அந்த அன்னங்களைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள்.

"வலப்பக்கம் ஒரு ஜோடி."

காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் மெல்லிய குரல். அடுத்த கணம் விமானத்தின் இறக்கைக்குக் கீழே, பழுப்பேறிய புல்வெளியின் நடுவே, கூட்டின் மேல் ஒன்றும் நீரில் ஒன்றுமாக இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன.

"என் பக்கத்த நீங்க எதுக்கு மாமா எண்ணுறீங்க?"

விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த வாசிலி, அவள் அம்மாவின் தம்பி, திரும்பாமலே சிரித்தார். "என் பக்கம் எண்ணவே எனக்குக் கண்ணு போதல. தூங்கி வழியிறியா புள்ள?"

குஸ்கோக்விம் ஆற்றின் கழிமுகம் முழுக்க முடிவே இல்லாமல் ஏரிகள் மின்னின. இன்ஜின் இரைச்சல், பெட்ரோல் வாடை, கண்ணாடியில் சுள்ளென்று மதிய வெயில். போன கோடையில் இதே அன்னக் கணக்கெடுப்புக்கு வந்தபோதுதான் அவள் அண்ணன் எவோன் விமானத்தோடு காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. மீன் புகைபோடும் குடிலில் அம்மா இன்னும் அவன் பங்கு மீனைத் தனியாகத் தொங்கவிடுகிறாள்.

"வலப்பக்கம் ஒரு ஜோடி. குஞ்சு இல்ல."

இப்போது தெளிவாகவே கேட்டது. கடைசி எழுத்தை இழுக்கிற அந்த இழுப்பு.

"மாமா... எவோன் பேசறான்."

சிரிப்பு நின்றது. "அப்படிச் சொல்லாத. வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"ஒரே ஒரு சுத்து. அம்மா கையில குடுக்க ஒரு எலும்பாவது வேணாமா?"

விமானம் சாய்ந்து இறங்கியது. குரல் வழி சொல்ல, அவள் கை காட்ட, கறுத்த ஏரி ஒன்று வந்தது. நீர் நிறைய அன்னங்கள். தலைக்கு மேல் விமானம் உறுமியும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. எல்லாக் கழுத்துகளும் தண்ணீருக்குள் எதையோ பார்த்து வளைந்திருந்தன.

நடுவில், நீருக்கடியில், ஒரு விமானத்தின் வெளிறிய இறக்கை.

"கிடைச்சிட்டான் மாமா!" அவள் அழுதாள்.

உடையாத ஜன்னல். அதன் பின்னால் எவோன். ஒரு வருடம் ஊறியும் கலையாத முகம். காதில் ஹெட்ஃபோன். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கண் சிமிட்டினான்.

"மாமா, மேல ஏத்துங்க!"

"இழுக்கறேன் புள்ள... ஏற மாட்டேங்குது!"

இன்ஜின் அடங்கியது. காற்றுச் சத்தமும் இல்லை. காதில் மூச்சு மட்டும்.

நீருக்கடியில் அவன் உதடுகள் அசைந்தன.

"மேல ஒரு ஜோடி. இறங்குது."