நூற்று நான்கு மீன்கள்

"ஐயோ... அந்த மீன வெட்டாதீங்க!"

பஸ்ஸிலிருந்து குதித்து, துப்பட்டா பறக்க ஏரிக்கரையில் ஓடி வந்தவளைச் செங்கல்வராயன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கையில் கத்தி. கத்திக்கு அடியில் ஒரு கெண்டை. கெண்டையின் முதுகுத் துடுப்பில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் வில்லை.

"மீனுக்குக் கம்மல் போட்டது நீதானா?"

"கம்மல் இல்ல, அடையாள வில்லை. நம்பர் பதினேழு. நான் திருப்பதியில மீன் ஆராய்ச்சி பண்றேன்."

"நானும் அத்தத்தான் பண்ணிக்கினு இருந்தேன். கொழம்புல."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்கள்... தண்ணீரில் வெயில் பட்டதுபோல் அப்படியா சிரிக்கும்? தாட்சாயணி அவசரமாக நோட்டைத் திறந்து முகத்தை அதில் ஒளித்துக்கொண்டாள்.

நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். ஊரே கம்ப்யூட்டர் படித்து அமெரிக்காவுக்குப் பறந்துகொண்டிருந்த இரண்டாயிரமாம் ஆண்டில், இவள் மீனைப் படித்துப் பாலசமுத்திரத்து ஏரிக்குப் பஸ் ஏறினாள். ஏரியில் மொத்தம் எத்தனை மீன் என்று கண்டுபிடிக்க வேண்டும். நூறு மீனுக்கு வில்லை போட்டுத் தண்ணீரில் விட்டாயிற்று. இனி வலையில் விழுவதில் வில்லை மீன் எத்தனை என்று பார்த்தால் போதும். குறைவாக வந்தால் ஏரியில் கூட்டம் அதிகம். வந்ததெல்லாம் வில்லை மீனாகவே இருந்தால் ஏரி காலி.

அந்த ஏரியை நம்பி முப்பது குடும்பங்கள். அவர்களுக்குச் செங்கல்வராயன்தான் தலைவன்.

"வியாழக்கிழமை தோறும் அஞ்சு மீன் குடுங்க. வலையில வந்தது வந்தபடி. ரேண்டமா இருக்கணும்."

"இருக்கட்டும் மேடம்" என்றான், ரேண்டம் என்பவரை நன்றாகத் தெரிந்தவன்போல.

முதல் வியாழன் வெறும் ஒத்திகை, கணக்கில் சேராது. ஒரு வில்லை மீன் வந்தது. "நம்பர் முப்பத்தி மூணு!" என்று அவள் குழந்தைபோல் குதித்தாள். அவன் மீனைப் பார்க்கவில்லை... அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் நாலு வந்தது. அதற்கடுத்து, ஐந்தும்!

ஆராய்ச்சி மாணவிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வியாழக்கிழமைக்காகப் புதன்கிழமையே புடவை எடுத்து வைக்கிற பெண்ணுக்கு அது எங்கிருந்து வரும்?

ஒத்திகை போகப் பத்து வாரம். ஐம்பது மீன். அதில் நாற்பத்தெட்டுக்கு வில்லை. கணக்குப் போட்டதில், ஏரியில் மொத்தமே நூற்று நான்கு மீன்!

அவளுடைய பேராசிரியர் துக்கப்படவில்லை, பூரித்துப்போனார். ஏரியைக் கொன்றது உலகமயமாக்கல்தான் என்று, பாலசமுத்திரம் பக்கமே போகாமல், ஒரே மூச்சில் எழுதி முடித்தார். டெல்லி மாநாட்டுக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அது விரால் மீனைவிட நீளம். மூன்று வருடத்துக்கு மீன் பிடிக்கத் தடை கேட்டு மீன்வளத்துறை அதிகாரிக்கும் எழுதினார். திங்கட்கிழமை முடிவு.

செய்தியைச் சொன்னதும் செங்கல்வராயன் கொதித்தான்.

"நூத்தி நாலா? நேத்து ஒரு வலைக்கே முந்நூறு வுழுந்துது. தடை போட்டா முப்பது குடும்பம் இன்னா துன்னும்?"

"கணக்கு பொய் சொல்லாது. அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் புரியும்."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

திரும்பும் பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு வலைக்கு முந்நூறு... எனக்கு மட்டும் வில்லை மீனா? பொறுக்கியிருக்கிறான்! ஆனால் ஏன்?

திங்கட்கிழமை. பேராசிரியர் அறையில் அதிகாரி பேனாவைத் திறந்தபோது தாட்சாயணி எழுந்தாள்.

"சார், கணக்கு தப்பு. மீனுங்க வந்தபடி வரல. நான்தான் கவனிக்கல... என் தப்பு."

"ஏமம்மா! டெல்லில தலைப்பு அச்சாயிடிச்சே!" என்று பேராசிரியர் பதறினார்.

முப்பது குடும்பங்கள் அவருக்குத் தலைப்புக்கு அப்புறம்தான்.

"மேடம் மேல தப்பு இல்ல சார்."

வாசலில் மழையில் நனைந்துபோய்ச் செங்கல்வராயன்.

"மத்த மீனெல்லாம் தள்ளிட்டு வில்லை மீனா நான்தான் பொறுக்கிக்கினு வந்தேன்."

"எந்துக்கு?" ஏன் என்று பேராசிரியர் தெலுங்கில் கேட்டார்.

அவன் தலையைக் குனிந்தான். "அத்தப் பாத்தா... இந்தப் பொண்ணு சிரிக்குது சார்."

அதிகாரி இருமுவதுபோல் சிரித்து, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்தக் காரணத்தை எந்தச் சஞ்சிகை அச்சிடும் என்று பேராசிரியர் யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

வராந்தாவில் சாரல் அடித்தது. மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா உனக்கு?" பல்கலைக்கழகத் தமிழ் உதிர்ந்து, நகரித் தமிழ் பொங்கிற்று.

"படிச்சவங்களுக்குத்தான் புரியும்னியே..."

"அன்னிக்கிச் சொன்னது தப்பு. மன்னிச்சிடு." நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். "இப்ப மொதல்லேர்ந்து எண்ணணும். ஆறு மாசம் ஆவும்."

"ஆவட்டும்."

"இந்த வாட்டி நானே படகுல வருவேன். நீ மீனத் தொடவே கூடாது."

"தொடல. ஆனா உங்க நைனா, ஆறு மாசமா ஏரில இன்னா வேலைன்னு கேட்டா?"

அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். சாரலில் முகமெல்லாம் ஈரம்... துடைக்கத் தோன்றவில்லை.

"அங்க ஒருத்தன எனக்குப் புடிச்சிருக்கு, அவனத்தான் கட்டிப்பேன்னு சொல்லுவேன்."