மூச்சுத்தராசு

தூத்துக்குடி விண்துறையில் பெட்டியை எடைபோட்ட கையோடு மூச்சையும் எடைபோடுவார்கள். வரிசை நகரும். முறை வந்ததும் தராசு நாற்காலியில் உட்கார வேண்டும். மூக்கின்மேல் ஒரு கிண்ணம் வந்து கவியும். நீங்கள் இழுத்து விடுகிற மூச்சைச் சில நிமிடங்கள் அளந்துவிட்டு, நிலவு போய்ச் சேரும்வரை உங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று இயந்திரம் சொல்லிவிடும். அடிப்படை அளவுக்குள் இருந்தால் டிக்கெட்டோடு சரி. கூடினால் கூடுதல் கட்டணம். இப்படி ஒவ்வொருவருக்கும் வந்த கணக்கைக் கூட்டி, அந்த அளவு காற்றைத்தான் கப்பலில் ஏற்றுவார்கள்.

இது 'தும்பி' விண்சேவை கொண்டுவந்த முறை. தும்பிக்கு முன்னால் நிலவுக்குப் போனவர்கள் எல்லாம் பெரும்புள்ளிகள். தும்பி வந்தபிறகு கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கூட மகளின் வளைகாப்புக்கு நிலவு போய் வந்தார். சூத்திரம் சுலபமானது: டிக்கெட் மலிவு, மற்றதெல்லாம் தனி. சாய்கிற இருக்கைக்குத் தனி, வெந்நீருக்குத் தனி, இரண்டாம் முறை கழிப்பறைக்குப் போனால் அதற்கும் தனி. மக்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள், திட்டிக்கொண்டே இறங்கினார்கள், அடுத்த பயணத்துக்கும் அதிலேயே டிக்கெட் போட்டார்கள். தும்பியின் கப்பல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின.

தராசுக்கும் நம் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பெயர் ஆமை மாத்திரை. ஒன்றைப் போட்டுக்கொண்டால் அரைமணி நேரத்துக்கு நெஞ்சுத் துடிப்பும் மூச்சும் பாதியாகிவிடும். கை கால் ஜில்லிட்டுப் போகும், தலை கிறுகிறுக்கும், ஆனால் தராசு ஏமாந்துவிடும். விண்துறைக்கு வெளியே பூக்கடைக்குப் பக்கத்திலேயே விற்றார்கள். போடாமல் ஏறுகிறவனை விவரம் தெரியாத ஆள் என்று பார்த்தார்கள்.

காந்திமதிக்கு விவரம் தெரியும். விண்பயணிகள் நலப் பேரவையின் செயலாளரே அவள்தான். மாத்திரையை எப்போது போடவேண்டும், நாற்காலியில் எப்படித் தளர்ந்து உட்காரவேண்டும் என்று அவள் பேசி வெளியிட்ட படத்தைப் பார்க்காத பயணி கிடையாது. இப்போது அவள் நிலவுக்குப் போவதே தும்பியை ஒரு கை பார்ப்பதற்காகத்தான். தும்பி செவ்வாய்க்கும் கப்பல் விட அனுமதி கேட்டிருந்தது. அதுபற்றி மக்கள் கருத்தைக் கேட்க விண்வழி ஆணையம் நிலவில் விசாரணை வைத்திருந்தது. முதல் சாட்சி காந்திமதி. தும்பியை எதிர்த்துச் சாட்சி சொல்லத் தும்பியிலேயே போவானேன் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. மற்ற கப்பல்களின் விலை எல்லோருக்கும் தெரியும்.

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கணவர் சங்கரலிங்கத்தின் கையில் இரண்டு மாத்திரைகளைத் திணித்தாள். அவருக்குச் சிறுவயது முதலே இளைப்பு உண்டு.

"ஏங்க, ரெண்டாப் போட்டுக்கிடுங்க. உங்க இளைப்புக்கு ஒண்ணு காணாது."

"நெஞ்சு நின்னு கின்னு போயிராதா?"

"அரைமணி நேரந்தானே. அதுக்குள்ள என்ன ஆயிரும்? பேசாமப் போடுங்க."

போட்டுக்கொண்டார். தராசு அவரை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் மூச்சு உள்ளவர் என்று கணித்தது. கூடுதல் கட்டணம் ஒன்றும் வரவில்லை. அந்த மகிழ்ச்சியில் இருவரும் வெளியே வந்து ஆளுக்கொரு காப்பி குடித்தார்கள்.

பயணத்தின் இரண்டாம் நாள் சாப்பாடு முடிந்திருந்தது. பிழிகுழாயில் அடைத்துக் கொண்டுவந்த புளியோதரையின் வாசம் கப்பல் முழுக்க நிறைந்திருந்தது. பிள்ளைகள் மிதந்து மிதந்து ஒருவரையொருவர் துரத்தினார்கள். பெரியவர்கள் வழக்கம்போலத் தும்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது பணிக்குழுத் தலைவி ஜெனோவா பர்னாந்து உள்ளே வந்தாள். அவள் கையில் விற்பதற்கு எதுவும் இல்லை. தும்பியில் அப்படி யாரும் வந்து பார்த்ததே கிடையாது. பேச்சு தானாக அடங்கியது.

"எல்லாரும் சத்தம் போடாமக் கேளுங்க," என்றாள் ஜெனோவா. "காத்து நாங்க போட்ட கணக்கைவிட வேகமாக் குறையுது. இப்படியே போனா நிலா வரைக்கும் காணாது."

எல்லோருடைய கண்ணும் முன்சுவரில் இருந்த காற்றுமானிக்குப் போனது. பச்சைக் கோட்டை விட்டு முள் நன்றாக இறங்கியிருந்தது.

காந்திமதி எழுந்துகொண்டாள். "ஓகோ, இப்போ காத்தை விக்க வந்திட்டியளாக்கும். எவ்வளவும்மா? சொல்லு, கேப்போம்."

"விக்கிறதுக்கு எங்கிட்ட இல்லக்கா."

 எல்லோரும் பயத்தில் கத்தத் தொடங்கினார்கள். ஒருவர் தும்பியைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றார். இன்னொருவர் முதலாளியைத் தூக்கில் போடவேண்டும் என்றார். பிள்ளைகள் அழுதன. கத்தக் கத்த முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

"உபரி உருளை எங்க?" என்று காந்திமதி அதட்டினாள். "ஒவ்வொரு கப்பல்லயும் ஒண்ணு இருக்குமே?"

"போன மாசம் கழட்டிட்டாங்க."

"எவன் சொல்லிக் கழட்டினான்?"

ஜெனோவா ஒரு கணம் தயங்கினாள். "நீங்கதான்க்கா சொன்னீங்க."

 காந்திமதி அதை மறந்திருந்தால்தானே! உபரிக்காற்றுக் கட்டணம் என்று தும்பி வாங்கிக்கொண்டிருந்த சிறுதொகையைப் பகற்கொள்ளை என்று ஊர் ஊராகப் பேசி, மக்கள் கருத்துக்கணிப்பில் பத்துக்கு ஒன்பது பேரைத் தன் பக்கம் திருப்பி, ஆணையத்தைக் கொண்டு அந்தக் கட்டணத்தைத் தடைசெய்ய வைத்தவள் அவள்தான். கட்டணம் போனதும் தும்பி உருளையையும் கழற்றிக்கொண்டது. பேரவை மாலை போட்டு அவளைப் பாராட்டியது.

"தராசை ஏமாத்துறது கம்பெனிக்கும் தெரியுங்க்கா," என்றாள் ஜெனோவா, இப்போது குரலை இறக்கி. "அதை ஈடுகட்டத்தான் அந்த உருளை இருந்திச்சு. கழட்டின இந்த ஒரு மாசமா கப்பல்ல பாதி சீட்டு காலி. ஆளு குறைச்சல், அறைக்குள்ள நிக்கிற காத்தை வச்சே சமாளிச்சோம். இந்தத் தடவை முழுக் கப்பல்."

பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். "தராசுல உக்காந்தப்போ யாரெல்லாம் மாத்திரை போட்டிருந்தீங்க? எத்தனை போட்டீங்க? நிசத்தைச் சொன்னாத்தான் கப்பலை ஓட்டுற மாலுமிப்பொறி சரியாக் கணக்குப் போடும். யாரு எவ்வளவு நேரம் அசையாமக் கிடக்கணும், யாருக்கு எவ்வளவு காத்து விடணும்னு அது சொல்லும். பொய்க் கணக்குக் குடுத்தா யாராவது ஒருத்தர் போயிருவாங்க. கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. "சாமி சத்தியமா நான் போடல," என்றாள் பிள்ளையை மடியில் இறுக்கியிருந்த ஒருத்தி. எல்லோரும் பக்கத்து ஆளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அறைக்குள் பேசுவது, செய்வது அத்தனையும் கப்பல் பதிவில் ஏறும் என்பதும், பொய்யாக எடைபோட்டால் பயணத்தடை உண்டு என்பதும் எல்லோருக்கும் தெரியும். காந்திமதிக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அவள் கை தூக்கினால் நாளை ஆணையத்தின் முன்னால் தும்பியின் வக்கீல் அந்தப் பதிவைப் போட்டுக்காட்டுவான். சாட்சியும் போகும், பேரவையும் போகும், இத்தனை ஆண்டுப் போராட்டமும் சந்தி சிரிக்கும்.

அவள் பக்கத்தில் விசில் போல ஒரு சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். தோள்பட்டை இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கெட்ட காற்று மற்றவர்களுக்குத் தலைவலியாக வரும்போதே அவருக்கு இளைப்பாக வந்துவிட்டது.

"ஏங்க! என்னைப் பாருங்க! மெதுவா இழுங்க!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றவருடையது போல ஆகியிருந்தது. ஜெனோவா முகமூடியைக் கொண்டுவந்து அவர் மூக்கில் வைத்தாள், ஆனால் குமிழைத் திறக்காமல் காந்திமதியைப் பார்த்தாள்.

"இவங்களோட சரியான மூச்சு அளவு தெரியாமத் திறந்தா இருக்கிறதும் வீணாப் போயிரும். பதிவுல சின்னப்பிள்ளை அளவு இருக்கு. இது நிசமாக்கா?"

 காந்திமதிக்கு உள்ளே ஒருத்தி, சொல்லாதே, இன்னும் ஒரு நிமிடம் பொறு, வேறு யாராவது முதலில் கை தூக்குவார்கள் என்றாள். அவளும் ஒரு நிமிடம் பொறுத்தாள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிறகு பல நாள் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சங்கரலிங்கத்தின் கண் மேலே செருகியது.

"ரெண்டு!" என்று கத்தினாள். கை தலைக்குமேல் போயிருந்தது. "அவுகளுக்கு ரெண்டு மாத்திரை குடுத்தேன். எனக்கு ஒண்ணு. நாந்தான், நாந்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். திறயும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

ஜெனோவா குமிழைத் திறந்தாள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றவரின் கை. பிறகு சாமி மேல் சத்தியம் செய்தவளின் கை. சற்று நேரத்தில் தூக்காத கை ஒன்றுகூட இல்லை. திரும்பி வரும்போது தராசுக்கென்று பத்திரப்படுத்தியிருந்த மாத்திரைகள் இடுப்பு மடிப்பிலிருந்தும் செருப்புக்குள்ளிருந்தும் வெளியே வந்தன. ஜெனோவா அவற்றை விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் பங்கிட்டாள். விளக்கை அணைத்தார்கள், குளிரைக் கூட்டினார்கள், படுக்கைவாரில் எல்லோரையும் கட்டினார்கள். மிச்சப் பயணம் முழுவதும் அந்தக் கப்பலில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. விழிப்பு வந்தபோதெல்லாம் காந்திமதி கணவரின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் அவளுடைய உயிர் போய்ப் போய் வந்தது.

எல்லோரும் உயிரோடு நிலவில் இறங்கினார்கள். செய்தி கேட்டுப் பூமியும் நிலவும் கொதித்துப் போயிருந்தன. ஆணையத்தின் அரங்கில் இடம் கிடைக்காமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். மேடைக்கு மேலே மக்கள் கருத்துப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. தும்பியை ஆதரிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் என்று அது காட்டியது. அப்படி ஒரு எண்ணை அந்தப் பலகை அதுவரை காட்டியதில்லை.

காந்திமதி பேசினாள். லாபத்துக்காக மூச்சில் கைவைத்த கதையை எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி சொன்னாள். தான் கை தூக்கியதை மட்டும் சொல்லவில்லை. தும்பியின் பேச்சாளர் எழுந்தார். பதிவைப் போட்டுக்காட்டப் போகிறார் என்று முதல்வரிசையில் இருந்த கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பேச்சாளர் பதிவைத் தொடவே இல்லை. கைகூப்பினார். "மக்கள் கருத்தைத் தும்பி எப்போதும் மதிக்கிறது. எங்கள் பயணிகளிடமிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். வழக்கத்தில் பாதிக்கும் குறைவான காற்றில் நிலவு வரை வரமுடியும் என்று அவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஆகவே இன்றுமுதல் 'மௌன வகுப்பு'. ஏறியதும் நீடித்து நிற்கும் மாத்திரை, இறங்கும்வரை உறக்கம். பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. இப்போதுள்ள டிக்கெட்டில் கால்பங்கு விலை. முதல் கப்பலுக்கான முன்பதிவு இந்த நிமிடம் திறக்கிறது."

காந்திமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒலிவாங்கியைப் பறித்தாள். "இது பயணமாய்யா? கொலை! எம் புருசன் செத்துப் பொழச்சு இங்க உக்காந்திருக்காவ! இவ்வளவு நடந்தும் இந்தத் துணிச்சல் எப்படி வருது உங்களுக்கு? கேக்க ஆள் இல்லன்னு நெனச்சிட்டியளா?"

அரங்கம் அப்படியே அமைதியானது. இத்தனை பெரிய கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை. தன் பேச்சு எல்லோரையும் உலுக்கிவிட்டது என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முகத்தையும் காணோம், தலைகள்தான் தெரிந்தன. அத்தனை பேரும் குனிந்து உள்ளங்கைத் திரையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணையத் தலைவரின் கண்ணும் மேசைக்கு அடியில் இருந்தது. கருத்துப் பலகையில் மூன்று இரண்டாக இறங்கியது. அதற்குக் கீழே முன்பதிவுக் கணக்கு விறுவிறுவென்று நிறைந்துகொண்டிருந்தது.

முதல்வரிசையிலிருந்து சங்கரலிங்கம் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். இன்னும் அவருக்குப் பேச்சோடு விசிலும் சேர்ந்துதான் வந்தது.

"ஏட்டி, மேல பேசு, நிறுத்தாத. திரும்பிப் போக அந்த மௌன வகுப்புல ரெண்டு சீட்டு பிடிச்சிட்டேன். இனி சீட்டு மிச்சம் இல்ல."

காந்திமதி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். வாய்வரை வந்த வசவை விழுங்கினாள். பிறகு ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"சன்னல் பக்கமா?" என்று கேட்டாள்.