வெல்லத் தடுப்பு

நீதிமன்றத்தை விட்டுவிட்டுத் துப்பறிய வந்த பிறகு, வக்கீலம்மாவின் அறைக்கு அழுதுகொண்டு வருபவர்களே அதிகம். அன்று வந்த பெண் அழவில்லை. குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

"என் தம்பி எனக்குத் துரோகம் பண்ணிட்டான். அது நிஜமான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

உதவியாளன் நாற்காலியை நுனிவரை நகர்த்திக்கொண்டான். அவனை எல்லோரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வந்தவள் ஒரு மென்பொருளை உருவாக்கியிருந்தாள். தீ, வெள்ளம், திருட்டு போன்ற இடர்களை எப்படிச் சமாளிப்போம் என்று பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கொள்கை எழுதி வைக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் அந்தக் கொள்கையும் அதன் சுருக்கமும் திரைக்கு வந்துவிடும். பங்குச்சந்தைக்காரர்களே அதை எடுத்துக்கொண்டு, வேறொரு ஊரில் அவளுக்குத் தலைமைப் பதவி தருவதாக இருந்தார்கள். கடைசியாக ஒரு செயல்விளக்கம் மட்டும் பாக்கி.

"எல்லார் முன்னாடியும் ஒரு சிமெண்ட் கம்பெனி பேரைப் போட்டேன். 'ஆற்றங்கரை ஆலைக்கு வெல்லத் தடுப்பு எதுவும் கிடையாது முற்றுப்புள்ளி'ன்னு வந்துச்சு. வெல்லத்தைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தக் கம்பெனி அதிகாரி எதிர்லயே உட்கார்ந்திருந்தார். 'மதில் மாதிரி சுவர் கட்டி வச்சிருக்கோம். கிடையாது, முற்றுப்புள்ளியா? என்ன திமிர்!'னு எழுந்துட்டார். எல்லாமே நின்னு போச்சு."

"எழுதினது தம்பிங்கறீங்க?"

"முந்தின நாள் சாயங்காலம், அவன் கணக்குல இருந்துதான் மாத்தியிருக்கு. சுருக்கமெல்லாம் எழுதறது அவன்தான். ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னாடி அறைஞ்சுட்டேன். 'நான் இல்லக்கா'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னான். போயிட்டான்."

"வேற யாரால மாத்த முடியும்?"

"நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்கு வலது கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. கையெழுத்தே போட முடியாது."

மேசைமேல் அவளுடைய போன் மின்னியது. 'மலை வருது குடை எடுத்துட்டியா'. அவள் முகம் சற்று இளகியது. "அவர்தான். இப்பல்லாம் எழுத்துப் பிழை ஜாஸ்தி. ஆனா அக்கறையான மனுஷன்."

வக்கீலம்மா ஜன்னல் வழியே பார்த்தார். தூறத் தொடங்கியிருந்தது.

மறுநாள் அவர்கள் அந்த அலுவலகத்துக்குப் போனார்கள். தம்பியின் மேசை இரண்டு பேருக்கு நடுவே முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் இருந்தது. அவனுடைய கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் தாளில் யார் கண்ணிலும் படும்படி இருந்தது. கணவரின் அறை மட்டும் கண்ணாடிச் சுவரும் கதவும் கொண்டது.

"தம்பிதான் மேடம்," என்று அவசரம் காதோரம் சொன்னான். "அக்கா பெரிய ஆளாகறது பொறுக்கல. முற்றுப்புள்ளின்னு போட்டதுலயே தெரியுது ஆத்திரம்."

"ஆத்திரத்துல எழுதறவன் புள்ளி வைப்பான். 'முற்றுப்புள்ளி'ன்னு எழுத்துக்கூட்டியா எழுதுவான்?"



வக்கீலம்மா தம்பியை வீட்டிலிருந்து வரவழைத்து, அக்கா, கணவர், தம்பி மூவரையும் கண்ணாடி அறைக்கு வரச் சொன்னார். தம்பி வாசற்படியிலேயே நின்றான். கணவர், "உட்காரு மாப்ளே, உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல," என்றார்.

"அந்த வரியை யாரும் தட்டச்சு பண்ணல," என்றார் வக்கீலம்மா. "பேசினா எழுத்தா மாத்தித் தர்ற வசதி போன்ல இருக்கே, அதுல பேசியிருக்காங்க. வெள்ளம்னு சொன்னா அது வெல்லம்னு கேட்டுக்கும். மழை மலையாயிடும். வாக்கியம் முடிஞ்சதுன்னு 'முற்றுப்புள்ளி'ன்னு சொன்னா, அதையும் வார்த்தையாவே எழுதி வைக்கும். தம்பியோட கணக்குக்குள்ள போக, திரையில ஒட்டியிருக்கற கடவுச்சொல்லே போதும். தம்பிக்குப் பத்து விரலும் நல்லாயிருக்கு. அவர் பேசி எழுதியிருந்தா ரெண்டு பக்கமும் இருக்கறவங்க காதுல விழுந்திருக்கும். கேட்டுப் பார்த்தேன், அன்னிக்கு அவர் வாயே திறக்கலையாம். கதவைச் சாத்திக்கிட்டுப் பேச வசதியும், பேசித்தான் எழுதணும்கற கட்டாயமும் இங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு."

கணவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க போனை எடுத்து, 'ஆற்றங்கரை ஆலைக்கு வெள்ளத் தடுப்பு உண்டு, முற்றுப்புள்ளி'ன்னு ஒரு தடவை சொல்றீங்களா?"

அவர் போனைத் தொடவில்லை.

"எழுத்துப் பிழையைச் சரிபார்க்கத்தான் நினைச்சேன்," என்றார் கடைசியில். "யாரோ கதவைத் தட்டினாங்க. அப்படியே அனுப்பிட்டேன்." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீ அந்த ஊருக்குப் போயிட்டா இங்க நான் யாரு? உன் வீட்டுக்குக் காவலா? போகாதேன்னு சொன்னா கேட்டிருப்பியா?"

"சொல்லியிருக்கலாமே," என்றாள் அவள். "ஸ்வீட் வாங்கிட்டு வந்தீங்க. ஊரெல்லாம் போன் பண்ணிப் பெருமையடிச்சீங்க. அதைக்கூட விடுங்க. நான் அவனை அறைஞ்சப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? என் தோளைப் பிடிச்சு, 'விடும்மா, சின்னவன்தானே'ன்னு சொன்னீங்களே. எப்படிங்க அது வாயில வந்துச்சு?"

அவள் எழுந்து தம்பியிடம் போனாள். அவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"மாமா செஞ்சதுகூடப் புரியுதுக்கா," என்றான். "ஆனா மூணு பேர்ல நீ முதல்ல என்னைத்தானே நினைச்சே?"

அவன் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து அந்த வரியை அழித்தான். சுவர் இருக்கிறது என்று பிழையில்லாமல் எழுதினான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவள் கூப்பிடவில்லை. எந்த உரிமையில் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.