நூறு நாள் கெடாத தக்காளி

அல்மாஸிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்து தயாராக இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அக்பர் அலி, பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத பழைய டேப்லெட் ஒன்று அல்மாஸுக்குக் கிடைத்தது. அதில் மூன்று கேம்கள். ஒன்றில் அவள் கிரிக்கெட் கேப்டன். இன்னொன்றில் ஒரு நகரத்துக்கே மேயர். மூன்றாவதில் பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரி.

அதனால் விளையாட்டு, அரசியல், நாட்டு நடப்பு மூன்றும் தனக்கு அத்துப்படி என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"கடைசி ஓவர்ல போய் யாராவது தூக்கி அடிப்பாங்களா? நானா இருந்தா தட்டித் தட்டியே ஜெயிச்சிருப்பேன்" என்பாள், டிவி முன்னால் உட்கார்ந்து.

"கேப்டன் மேடம், முதல்ல சாப்பிட்ட தட்டைக் கழுவி வைங்க" என்பாள் அவளுடைய அம்மா அஸ்கரி பேகம்.

பள்ளியில் மட்டும் அவள் கருத்துக்கு மதிப்பு இருந்தது. காலை பிரேயரில் செய்தி வாசிப்பது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஏழாம் வகுப்பின் முறை. அந்தத் திங்கட்கிழமைகளில் அல்மாஸ்தான் வாசிப்பாள். ஒவ்வொரு செய்திக்கும் கீழே தன் கருத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வாள்.

"சாலைப் பணி இரண்டு ஆண்டுகளாக நடக்கிறது. என் கருத்து: என் ஊர்ல ரோடு போட எனக்கு ரெண்டு செகண்டு போதும்."

மைதானமே சிரிக்கும். கோகிலவாணி டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொள்வார்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. அன்றைய செய்தித்தாளில் ஒரு படம் வந்திருந்தது. பச்சைத் துண்டைத் தலையில் கட்டிய ஒருவர், சாலையோரத்தில் கிரேட் பெட்டியைக் கவிழ்த்துத் தக்காளியைக் கொட்டுகிறார். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

அல்மாஸ் மைக்கைப் பிடித்தாள்.

"தக்காளி விலை வீழ்ச்சி. சாலையில் கொட்டிச் செல்லும் விவசாயிகள். என் கருத்து: விலை இல்லேன்னா கிடங்குல பூட்டி வெச்சு, ஏறினதும் வித்தா போச்சு. என் பண்ணையில நான் நூறு நாள் வெச்சிருந்து வித்தேன். ரோட்டுல கொட்டறவங்களுக்கு மூளையும் இல்ல, பொறுமையும் இல்ல!"

கைதட்டல் பறந்தது. வரிசையில் கனிமொழி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அல்மாஸ் அதைக் கவனிக்கவில்லை.

கனிமொழி அவளுடைய உயிர்த்தோழி. மூன்று வருடமாக ஒரே பெஞ்ச். கனி வீட்டில் தக்காளி போட்டிருப்பது அல்மாஸுக்குத் தெரியும். உப்பு தடவிக் கனி கொண்டுவந்த தக்காளியை எத்தனையோ நாள் தின்றிருக்கிறாள். ஆனால் செய்தித்தாளில் வருகிறவர்கள் வேறு யாரோ என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மதியம் ராஜா அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கனியின் ஊர்க்காரன்.

"டேய், இது யாரு தெரியுமா? நம்ம கனியோட அப்பா! மூளையும் இல்ல, பொறுமையும் இல்ல!"

பின்னால் இருந்த நாலைந்து பேர் பாட்டாகவே பாட ஆரம்பித்தார்கள். கனி பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

"கனி, எனக்குத் தெரியாதுடி…" என்று அல்மாஸ் பின்னாலேயே போனாள்.

"தெரியாமத்தான் அவ்வளவு பேசினியா?" என்றாள் கனி. அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை கனி பள்ளிக்கு வரவில்லை. புதன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் அல்மாஸ் தன் பையை வைத்தாள். பிறகு அதைப் பார்க்கவே பிடிக்காமல் எடுத்துக் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை, அண்ணன் உபைத்திடம் கெஞ்சிக் கூத்தாடி அவனுடைய பைக்கில் ஏறினாள்.

"என்ன மேயர் மேடம், கிராமத்துக்குச் சுற்றுப்பயணமா?"

"சும்மா ஓட்டு அண்ணே."

கனியின் ஊருக்குள் நுழையும்போதே ஒரு புளித்த வாடை வந்தது. சாலையோரத்தில் தக்காளி கருத்துப்போய்க் கிடந்தது. அதன்மேல் ஈக்கள். ஒரு மாடு மோந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் நகர்ந்தது. உபைத்கூடக் கேலியை விட்டுவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினான்.

கனி தோட்டத்தில் அம்மா சின்னம்மாளோடு தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் கிரேட்டுகள் அடுக்கியிருந்தன.

"யாரு, அல்மாஸா? வா கண்ணு" என்றார் சின்னம்மாள். "நீயாச்சும் சொல்லேன். ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குது. யாரோ என்னமோ சொல்லிட்டாங்களாம். யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

அல்மாஸ் கனியைப் பார்த்தாள். கனி செடியைப் பார்த்தாள்.

கிரேட்டுகளுக்கு அந்தப் பக்கம் பச்சைத் துண்டு தெரிந்தது. கனியின் அப்பா பச்சியப்பன்.

"என் படம் பேப்பர்ல வந்ததுக்குப் புள்ள தலை குனியுது, தம்பி" என்றார் உபைத்திடம். "கொண்டுபோனா வண்டி வாடகைக்கே கட்டல. திருப்பிக் கொண்டாந்து எங்க வெக்கறது? வூட்டுல ரெண்டு நாள்ல ஒழுவ ஆரம்பிச்சுடும். செடியில வுட்டா செடியே கெட்டுப்போவும். கொட்டறப்ப கை வரல. கண்ண மூடிக்கிட்டுக் கொட்டினேன்."

உபைத் தலையாட்டினான்.

அல்மாஸ் குனிந்து கனியின் பக்கத்தில் பறிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரிசை முடிந்தது. இடுப்பு விண்விண்ணென்று வலித்தது.

"என் பேரைச் சொல்லவே இல்லியா கனி?"

"சொன்னா உன்னை 'வா கண்ணு'ன்னு கூப்பிடுவாங்களா?"

"மன்னிச்சுக்கோடி."

கனி கையில் இருந்த தக்காளியைத் துடைத்தாள். "மன்னிப்பு வேணாம். நீ நூறு நாள் வெச்சிருந்தேன்னு சொன்ன இல்ல? ஒரு பெட்டி தரேன். வெச்சுக் காட்டு."

"வெச்சுக் காட்டறேன். அடுத்த வாரம் விட்டு வர்ற திங்கட்கிழமை என் முறை. அன்னிக்கு ஒரு நாள் ஸ்கூலுக்கு வா."

"எத்தனை மிஞ்சுதுன்னு பார்க்க வேணா வரேன்" என்றாள் கனி.

பெட்டியைப் பார்த்த பச்சியப்பனுக்கு விவரம் தெரியாது. குழம்புக்குக் கேட்கிறாள் போல என்று நினைத்தார். கனி போட்டிருந்ததில் அடிபட்ட இரண்டை எடுத்துவிட்டு, நல்ல கெட்டியான பழமாகத் தேடித்தேடி நாற்பது போட்டுக் கொடுத்தார். அல்மாஸால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கடையின் பின்னறைதான் அவளுடைய கிடங்கு. பழங்களை ஒன்றோடொன்று உரசாமல் பேப்பர் விரித்து அடுக்கினாள். ஃபேன் போட்டாள். காலையும் மாலையும் புரட்டி வைத்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு பழத்தில் கரும்புள்ளி. நான்காம் நாள் ஏழு பழம் தொட்டதும் குழிந்தது. ஐந்தாம் நாள் பேப்பர் நனைந்திருந்தது.

"எலி ஏதாச்சும் செத்துக் கிடக்குதா பாருங்க" என்று அஸ்கரி பேகம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தாள். பெட்டியைக் கண்டதும், "இது என்னடி கூத்து? தூக்கிக் கொட்டு முதல்ல!" என்றாள்.

"எங்க கொட்டறதும்மா?" என்று கேட்டாள் அல்மாஸ். கேட்ட பிறகு அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

மகள் அழுது முடிக்கும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும்தானே? இருக்கட்டும். அத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை காலை அல்மாஸ் மைக் முன்னால் நின்றாள். வரிசையைத் தலையிலிருந்து கடைசிவரை பார்த்தாள். கனி இல்லை.

பேசாமல் கிரிக்கெட் செய்தியோடு முடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. காலடியில் வைத்திருந்த தக்காளிப் பெட்டியிலிருந்து வந்த வாடைக்கு முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

"தக்காளி விலை இன்னும் ஏறவில்லை" என்று வாசித்தாள். பேப்பரை மடித்தாள். "என் கருத்து…"

எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"போன தடவை நான் சொன்னது தப்பு. என் கேம்ல தக்காளி கெடாது. அதை வெச்சுத்தான் பேசினேன். இந்தப் பெட்டியில நாப்பது பழம் வெச்சேன். ஃபேன் போட்டு, புரட்டி வெச்சு, ஒன்பது நாள் பார்த்துக்கிட்டேன். மிஞ்சினது ஆறு. மீதியை எங்க கொட்டறதுன்னு எனக்குத் தெரியல. படத்துல முதுகு மட்டும் தெரிஞ்சாரே, அவருக்கு மூளையும் இருக்கு, பொறுமையும் இருக்கு. எனக்குத்தான் ரெண்டும் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. ராஜா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அல்மாஸ் பள்ளி கேட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு மொபெட் நின்றிருந்தது. பின்னால் காலி கிரேட்டுகள் கட்டியிருந்தன. பச்சியப்பன் பச்சைத் துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். மைக் பக்கம் ஒரு முறை தலையை ஆட்டினார். அன்றைக்கும் சந்தையில் நல்ல விலை கிடைக்கவில்லை என்பது அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மொபெட்டிலிருந்து இறங்கியிருந்த கனி மெதுவாக வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

வகுப்பில் அல்மாஸ் தன் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனி உள்ளே வந்தாள். கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அல்மாஸைப் பார்த்தாள்.

"ஆறா மிஞ்சுது?"

"ஆறு. அதுலயும் ஒண்ணு கொஞ்சம் சந்தேகம்."

"எங்க வூட்டுல வெச்சிருந்தா அதுவும் மிஞ்சியிருக்காது" என்றாள் கனி. பிறகு மூக்கைச் சுளித்தாள். "உன் பை நாறுதுடி."

"உன் தக்காளிதான். மிஞ்சின ஆறும் உள்ள இருக்கு."

"தள்ளி உட்காரு" என்று சொல்லிவிட்டு, கனி அந்தப் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.