சாத்தக் கூடாத ஜன்னல்

பட்டி காய்வதற்குள் யாரோ அதில் விரல் வைத்திருந்தார்கள். மாடி ஜன்னலின் வெளிப்பக்கம், உளுத்துப்போன அடிச்சட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தச்சர் பச்சைமுத்து நேற்றுச் சாயங்காலம் பூசிவிட்டுப் போன பட்டிக் கலவையில் வரிசையாக நான்கு குழிகள். ஜூடித் கம்பிக்கு வெளியே கையை விட்டுத் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அதைவிட மோசம், உள்ளேயிருந்து யார் கையை நீட்டினாலும் விரல்நுனி தெருப்பக்கம்தான் இருக்கும். இந்தக் குழிகளின் நுனியோ, வெளியிலிருந்து யாரோ பற்றியதுபோல, அறையைப் பார்த்து இருந்தது.

"உங்க பையன் வேலையா இருக்கும்," என்றார் பச்சைமுத்து, ஏணியில் நின்றபடி.

"அவன் ஜுரத்துல எழுந்து உக்காரக்கூட முடியாம கெடக்கான், அண்ணா."

"அப்ப கொரங்கு. அல்சூர்ல கொரங்குக்கா பஞ்சம்? சும்னே வீணா பயந்துக்காதீங்க மேடம்."

குரங்கென்றே வைத்துக்கொள்வோம் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள். கணவன் லாயிட் கப்பல் வேலைக்குப் போய்விட்ட அந்தப் பெங்களூர் வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஏழு வயது ரயான் ஒருவன்தான். கீழ்த்தளம் முழுக்க ஈர ஓதம். காய்ச்சல் பிள்ளையை அங்கே எப்படிக் கிடத்துவாள்? இந்த அறையை விட்டால் வேறு போக்கில்லை.

மறுநாள் காலையில், திரும்பப் பூசிய அடிச்சட்டம் சுத்தமாக இருந்தது. பக்கச்சட்டத்தின் புதுப் பட்டியில், ஒரு முழம் மேலே, அதே குழிகள். பச்சைமுத்து இந்தத் தடவை குரங்கைப் பற்றிப் பேசவில்லை. குழிகளை அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சட்டத்துக்கும் கதவுகளுக்கும் பச்சை பெயின்ட் அடித்து முடித்தார். கிளம்பும்போது சொன்னார்.

"கதவ மட்டும் சாத்திடாதீங்க. ஈரத்துல ஒட்டிக்கினா அப்பறம் பேத்துதான் எடுக்கணும்."

அந்தி சாய்ந்தது. கோயில் மணியும் ஆட்டோ ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் ஒவ்வொன்றாக அடங்கி, பெயின்ட் வாடை மட்டும் அறைக்குள் கனத்து நிற்க, ஜூடித் ரயானின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

ப்ச்.

ஈர பெயின்ட்டில் ஒட்டிய விரல் விடுபடும் சத்தம்.

ப்ச். கொஞ்சம் மேலே. ப்ச். இன்னும் பக்கத்தில்.

"மாதாவே!" பெயின்ட்டாவது மண்ணாங்கட்டியாவது. பாய்ந்துபோய் இரண்டு கதவுகளையும் அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். காத்திருந்தாள்.

சத்தம் இல்லை. அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

ப்ச்.

முதுகுக்குப் பின்னால்.

தரையில் பச்சை விரல் தடங்கள். ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும். தாழ்ப்பாளை விலக்கி ஜன்னல் கதவை இழுத்தாள். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஒட்டிவிட்டிருந்தது.

"போயிடு! போயிடேன்!" என்று கதறினாள்.

"ஜில்லுனு இருக்கு, மம்மி," என்றான் ரயான், கண்ணை மூடியபடியே. "இன்னும் தடவு."

அவள் திரும்பினாள். கட்டிலருகே யாருமில்லை. பிள்ளையின் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு நான்கு பச்சைக் கோடுகள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. தாடையைத் தாண்டின. கழுத்துக்கு வந்தன.

அங்கே நின்று, அழுந்தத் தொடங்கின.