பக்கத்துச் செடியின் வெயில்

பண்பளவி என்ற அந்த இயந்திரம் ஒரு பட்டாணிச் செடியைப் பார்த்தால் போதும். கொடியின் உயரம், கணுக்கள், பற்றுக்கம்பியின் பிடி எல்லாவற்றையும் அளந்து, பூக்கும் முன்பே அதன் விளைச்சலைச் சொல்லிவிடும். மலைமேல் இருந்த அந்தப் பட்டாணி ஆராய்ச்சி நிலையத்தில், ஏழு விதைத் தலைமுறையாக அது முதலிடம் கொடுத்த செடிகளுக்கு மட்டுமே விதையாகும் பாக்கியம். மற்றவை குருமாவுக்குப் போயின.

இந்த வசதியில் சொக்கிப்போன நிர்வாகம், தலைவி உட்பட எல்லா ஆட்களையும் அதன் முன் நிறுத்தியது. யார் கையால் மகரந்தம் சேர்த்த பூக்கள் எத்தனை காயாயின என்பதுதான் கணக்கு; பட்டியலில் கடைசியில் வருபவருக்கு வேலை போகும். துரைக்கண்ணு கடைசி. அவர் மற்றவர்களின் கொடிக்குக் குச்சி நட்டுக் கட்டுவார், பூவைப் பிரிக்கும் சாமணத்தைத் துடைத்துக் கொடுப்பார், வேற்று மகரந்தம் விழாமல் இருக்க, அவர்கள் மூட மறந்த பூக்களுக்கு உறை மாட்டுவார். அதற்கெல்லாம் பட்டியலில் இடமில்லை.

அவரை வேலையிலிருந்து நீக்கும் தாளில் நிலையத் தலைவி மரகதவல்லி கையெழுத்திட்டாள்.

"மிஷின் சொல்லுது, நான் என்ன பண்ணட்டும்?"

"பரவால்லம்மா. நாலாம் பாத்தியில கொடி சாயுது, யாரையாச்சும் கட்டச் சொல்லுங்க."

இரண்டு வருடம் கழித்து, அதுவரை மற்ற ரகங்களின் நடுவே விதைத்துவந்த முதலிடச் செடிகளின் விதைகளை மட்டும் ஒன்றாக விதைத்தார்கள். விளைச்சல் பாதியாகச் சரிந்தது. மரகதவல்லி பாத்தியில் உட்கார்ந்து கொடிகளை விலக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பிடித்து அதன் தலைமேல் ஏறியிருந்தது. அடியில் இலைகள் வெளுத்துக் கிடந்தன. இத்தனை காலம் ஜெயித்தவை பக்கத்துச் செடியின் வெயிலைத் தின்று ஜெயித்தவை. இப்போது பக்கத்தில் இருந்ததும் அதே ஜாதி.

ஆட்களின் கணக்கும் இரண்டு வருடமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. துரைக்கண்ணுவைத் திரும்ப அழைத்துவிட வேண்டும் என்று போன் செய்தாள். அவர் மனைவி எடுத்தாள்.

"அவரு போயி நாப்பது நாளாச்சும்மா. கடைசி வரைக்கும் 'அந்தக் கொடியக் கட்டிட்டாங்களா'ன்னு கேட்டுட்டே இருந்தாரு."

மறுநாளிலிருந்து மரகதவல்லி தன் செடிகளை விட்டுவிட்டு, மற்றவர்களின் கொடிகளைக் கட்டினாள். மறந்த பூக்களை மூடினாள். எல்லோருடைய கணக்கும் மெல்ல ஏறியது, அவளுடையதைத் தவிர.

அடுத்த பட்டியலை உதவியாளன் அருளப்பன் கொண்டுவந்தான். கடைசிப் பெயர் அவளுடையது. தலைவியின் பெயரே வந்தால் கையெழுத்து அவனுடையது.

"நான் என்ன மேடம் பண்றது? மிஷின் சொல்லுது."

"தெரியும்ப்பா. நானும் அதையேதான் சொன்னேன்."

அவன் குனிந்து கையெழுத்திட்டான்.

"நாலாம் பாத்தியில கொடி சாயுது," என்றாள் மரகதவல்லி.

அவன் நிமிரவில்லை.